'ஊட்டிச் சால்வை' என்று லேபிள் அடிப்பதற்கு முன்னால்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சால்வை, ஸ்வெட்டர், பை என்று சின்ன அளவில் செய்து விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரையும் ஏமாற்ற நினைக்காதவர்கள்கூட லேபிளில் ஊர் போடும்போது தப்பாகப் போட்டுவிடுகிறார்கள்.

பெரிய தவறு, கடைசியாகக் கைபட்ட ஊரையே முழுப் பொருளுக்கும் ஊராக எழுதுவது. மெரினோ ஆட்டு ரோமத்தில் பின்னிய ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடைக்கு ஏற்ற அந்த மெல்லிய ரோமம் நம் நாட்டுக்குப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வருகிறது, அது லூதியானா மாதிரி ஏதோ ஒரு ஊரில் நூலாகி, நம் வீட்டு மெஷினில் ஸ்வெட்டராகிறது. நம் நாட்டு ஆடுகளின் ரோமம் பெரும்பாலும் முரடு, தரைவிரிப்புக்குத்தான் போகிறது. அப்படியிருக்க 'முழுக்க உள்நாட்டுச் சரக்கு' என்று எழுதினால் அது பொய். 'பின்னியது கோத்தகிரி, நூல் லூதியானா, ரோமம் ஆஸ்திரேலியா' என்று பிரித்து எழுதுங்கள், உங்கள் உழைப்பு எது என்பது அப்போதுதான் வாங்குகிறவருக்குத் தெரியும்.

'நீலகிரி ஆட்டுக் கம்பளி' என்று போடுவது இன்னும் மோசம். மெல்லிய ரோமம் தரும் நீலகிரி ஆட்டினம் உண்மையிலேயே இருக்கிறது, ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைந்து அழியும் நிலைக்கு வந்துவிட்ட இனம் அது, கடைவீதி முழுக்கத் தொங்குகிற சரக்குக்கு அதன் ரோமம் எங்கிருந்து வரும்?

கேஷ்மிலான் நூலைக் கம்பளி என்று சொல்லி விற்பதையும் விட்டுவிடுங்கள். அது அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள், கம்பளியானால் முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் விரலில் பொடியும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகிவிடும். கலப்பு நூலை இப்படிக் கொளுத்திப் பார்த்து விகிதம் சொல்ல முடியாது, அதற்கு நூல் மில்லின் பில்தான் ஆதாரம்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூவேலை விஷயத்தில் நடப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. தோடர்கள் நெய்கிறவர்கள் இல்லை. பருத்தித் துணியை வெளியிலிருந்து வாங்கி, படம் வரையாமல், ஊடும் பாவும் எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக மந்தில், அதாவது தங்கள் குடியிருப்பில், உட்கார்ந்து பெண்கள் போடுகிற வேலை அது. துணி மலைக்குக் கீழேயிருந்து வந்தது என்று சொன்னால் மதிப்பு போய்விடும் என்று பயந்து சிலர் அதை மறைக்கிறார்கள். எதற்கு? குறியீடு அந்தக் கைவேலைக்குத்தான். துணி சென்னிமலைத் தறியில் வாங்கியதென்றால் அதையும் எழுதுங்கள், அந்த நெசவாளிக்கும் பெயர் போகட்டும். அச்சடித்த துணிக்கும் மெஷின் எம்பிராய்டரிக்கும் 'தோடர்' என்று பெயர் வைப்பது மட்டும் கூடவே கூடாது. 1999-ம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனைவரை உண்டு. சந்தேகமிருந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சென்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும், மெஷின் என்றால் பெரும்பாலும் பாபின் நூல், அதாவது மெஷினின் அடிநூல், வேறு நிறத்தில் ஓடியிருக்கும். கைவேலையில் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

அப்புறம் கணக்கு. வியாபாரி வாயால் சொன்னதை நம்பி லேபிள் அடிக்காதீர்கள். நூல் சுற்றி வருகிற கோனின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் பெரும்பாலும் மில் பெயர், கவுண்ட் (நூலின் பருமன் எண்), லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பது) இருக்கும், கோன் தீர்ந்ததும் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அதைக் கிழித்து, ஒரு முழ நூலோடு பில்லின் பின்னால் பின் அடித்து வையுங்கள். இரண்டு லாட்டைக் கலந்து பின்னினால் இரண்டையும் குறித்து வையுங்கள். ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அங்கே காட்டியே ஆக வேண்டும். பழைய லேபிள் கட்டுக்கட்டாக மிச்சம் இருக்கிறதே என்று அதையே தைத்துக்கொண்டிருக்காதீர்கள், சரியான விவரத்தோடு ஒரு சின்னச் சீட்டு அடித்துக் கூடவே கட்டி விட்டால் போதும்.