கஞ்சா ஓட்டும் அதிபர் ஓட்டும்: கோட்டை மாநிலக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஓட்டுப் போடப் போனவரிடம் ஒரு நீளத் தாளைக் கொடுத்தார்கள். அதில் அதிபர் பதவி, செனட், இன்னும் சில பதவிகள். அதற்கும் கீழே கஞ்சா பற்றி இரண்டு கேள்விகள். மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்பது ஒன்று. 21 வயது நிரம்பிய யாரும் கஞ்சா வைத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று.

தெற்கு டகோட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கடைசியாக ஜெயித்தது 1964இல். மாநில ஆளுநராக இருந்த கிறிஸ்டி நோம் இரண்டு கேள்விகளையும் எதிர்த்தார். முடிவு என்னவென்றால், குடியரசுக் கட்சியின் டிரம்புக்குச் சுமார் 62 சதவீதம், மருத்துவக் கஞ்சாவுக்கு 70 சதவீதம், பொதுப் பயன்பாட்டுக்கு 54 சதவீதம்.

இந்த மாதிரி எண்கள் வந்ததும் "கோட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது, கஞ்சாவை அதிகம் ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சி இதைச் சரியாகப் பிடித்தால் மாநிலத்தையே கவிழ்த்துவிடலாம்" என்று எழுதுபவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு நாலு வருஷத்துக்கும் இந்த வாதம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும். அதில் எங்கெங்கே கால் இடறுகிறது என்று பார்ப்போம்.

"ஆம்" போட்டவர் எல்லாம் அந்தக் கட்சிக்காரர் இல்லை

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். ஒரு பேனாவை எடுங்கள். தெற்கு டகோட்டாவில் டிரம்புக்குப் போடாதவர்கள், அதாவது ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கும் லிபர்டேரியன் என்ற சிறிய கட்சிக்கும் போட்டவர்கள், மொத்தம் 38 சதவீதம். அவர்கள் ஒருவர் விடாமல் பொதுக் கஞ்சாவுக்கு "ஆம்" என்று குறித்ததாகவே வைத்துக்கொள்வோம். 54ஐத் தொட இன்னும் 16 வேண்டும். அந்த 16 எங்கிருந்து வரும்? டிரம்புக்குப் போட்டவர்களிடமிருந்துதான். ஆக டிரம்ப் ஓட்டர்களில் குறைந்தபட்சம் ஏறக்குறைய நாலில் ஒருவர் கஞ்சாவுக்கும் "ஆம்" போட்டிருக்கிறார். மருத்துவக் கஞ்சாவுக்கு இதே கழித்தலைப் போட்டால் கிட்டத்தட்ட பாதிப் பேர் வருகிறார்கள். இதெல்லாம் குறைந்தபட்சக் கணக்கு. பைடன் ஓட்டர்களில் சிலர் "இல்லை" போட்டிருந்தால் இந்தப் பங்கு இன்னும் கூடும்.

அவர்கள் ஒரே தாளில், ஒரே பேனாவால், மேலே டிரம்பையும் கீழே கஞ்சாவையும் குறித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

நமக்கு இது சட்டென்று பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் மதுவிலக்கு வேண்டுமென்றால் அதைச் சொல்லும் கட்சிக்குத்தான் பட்டனை அமுக்க வேண்டும். மது, விலைவாசி, சாதி, தலைவர், கூட்டணி எல்லாம் அந்த ஒரு பட்டனுக்குள்தான் அடக்கம். அங்கே பல மாநிலங்களில் கேள்வியைத் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுகிறார்கள். தனியாகக் கேட்டுவிட்டால் அதற்காகக் கட்சி மாற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கஞ்சா ஓட்டெடுப்பு இருந்தால் அதிபர் தேர்தல் அசையும் என்பார்கள். ஓட்டெடுப்பு இருப்பதாலேயே அசையாது என்று சொல்லத்தான் எனக்கு அதிக நியாயம் தெரிகிறது.

2024இல் ஃபுளோரிடாவில் இதன் இன்னொரு வடிவம் வந்தது. கஞ்சாவைப் பெரியவர்களுக்கு அனுமதிக்கும் 3ஆவது திருத்தத்துக்குச் சுமார் 55.9 சதவீதம் "ஆம்" விழுந்தது. டிரம்புக்கு 56.1. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண். உடனே "இரண்டும் ஒரே ஆட்கள்தான்" என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. அந்த "ஆம்" கூட்டத்தில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் ஓட்டர்களும் டிரம்ப் ஓட்டர்களும் கலந்துதான் இருந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, அந்தத் திருத்தம் தோற்றுப்போனது. ஃபுளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும். "பெரும்பான்மை ஆதரித்தும் தோற்றது" என்ற செய்தியைப் படித்துவிட்டு ஏதோ தில்லுமுல்லு நடந்ததாக நினைத்தவர்கள் இந்த விதியைப் பார்க்காதவர்கள்.

பிடிக்கும் என்பது வேறு, அதற்காக ஓட்டு மாறும் என்பது வேறு

கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1969இல் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது "ஆம்" என்றவர்கள் 12 சதவீதம். 2023இல் 70 சதவீதம். இந்தக் கோடு ஏறுவதைப் பார்த்தால் எந்த அரசியல்வாதிக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அந்த 70 பேரில் எத்தனை பேர் இதற்காக மட்டும் அதிபரை மாற்றுவார்கள்?

அப்படி ஒரு கூட்டம் இருந்திருந்தால் 2016இல் தெரிந்திருக்க வேண்டும். அந்த வருஷம் லிபர்டேரியன் வேட்பாளராக நின்ற கேரி ஜான்சன் கஞ்சாவை அனுமதிக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தவர். நாடு முழுக்க அவருக்குக் கிடைத்தது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அவர் முன்பு ஆளுநராக இருந்த நியூ மெக்சிகோவில் மட்டும் 9 சதவீதம், அதுவும் தெரிந்த முகம் என்பதால்.

சதவீதம் நகர்ந்தால் மாநிலம் நகராது

பெரும்பாலான மாநிலங்களில் ஜெயித்தவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் போய்விடும். அதிபர் யார் என்பதைத் தீர்மானிப்பது இந்த வாக்குகள்தான். தெற்கு டகோட்டாவில் மூன்றே மூன்று. டிரம்ப் அங்கே 26 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். போதைப்பொருள் கொள்கையால் அதில் 5 புள்ளி கரைந்தாலும் அந்த மூன்றும் அவருக்குத்தான். "தாக்கம் இருந்ததா" என்பதும் "முடிவு மாறுமா" என்பதும் வேறு வேறு கேள்விகள்.

மெயினும் நெப்ராஸ்காவும்தான் விதிவிலக்கு. அங்கே காங்கிரஸ் தொகுதிவாரியாகவும் தேர்வாளர்களைப் பிரிக்கிறார்கள். 2024இல் நெப்ராஸ்காவில் மருத்துவக் கஞ்சா சுமார் 71 சதவீதத்தோடு ஜெயித்தது. அதே நாளில் ஒமாஹா நகரம் இருக்கும் 2ஆவது தொகுதியின் ஒரு தேர்வாளர் வாக்கு ஹாரிஸுக்குப் போனது. பார்த்தீர்களா, கஞ்சா ஒன்றைப் பிடுங்கிவிட்டது என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் அதே தொகுதி 2008இல் ஒபாமாவுக்கும் 2020இல் பைடனுக்கும் போயிருக்கிறது. 2020இல் கஞ்சா கேள்வியை மாநில உச்ச நீதிமன்றம் தாளிலிருந்தே எடுத்துவிட்டிருந்தது. கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒமாஹா ஒமாஹாதான்.

இளைஞர் கூட்டம் வரும் என்ற நம்பிக்கை

கஞ்சா கேள்வியைத் தாளில் வைத்தால் வழக்கமாக வீட்டில் இருக்கும் இளைஞர்கள் ஓட்டுப்போட வருவார்கள், வந்தவர்கள் ஜனநாயகக் கட்சிக்கும் ஒன்று போடுவார்கள் என்பது பழைய நம்பிக்கை. இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் 2012இன் கொலராடோ. அங்கே கஞ்சாவுக்கு 13.8 லட்சம் ஓட்டு, ஒபாமாவுக்கு 13.2 லட்சம். கஞ்சா ஒபாமாவைத் தூக்கிவிட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. கஞ்சா அவரைவிட அதிக ஓட்டு வாங்கியது என்று மட்டும்தான் சொல்லலாம். மிச்சம் இருந்த ஓட்டு அவருக்கு வரவில்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2014 ஃபுளோரிடா இன்னும் தெளிவு. மருத்துவக் கஞ்சா பிரசாரத்துக்குப் பணம் இறைத்தவர் வழக்கறிஞர் ஜான் மார்கன். ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் சார்லி கிறிஸ்ட் அவருடைய நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். இரண்டுக்கும் முடிச்சுப் போடாத ஆளே அன்று இல்லை. கஞ்சாவுக்கு 57.6 சதவீதம் விழுந்தும் 60ஐத் தொடாமல் தோற்றது. கிறிஸ்ட் சுமார் ஒரு புள்ளியில் தோற்றார். அத்தனைக்கும் அது அதிபர் தேர்தல் இல்லாத வருஷம். ஆட்கள் குறைவாக வரும் அந்த மாதிரித் தேர்தலில்தான் இப்படி ஒரு கேள்வி கூடுதல் கூட்டத்தைக் கொண்டுவர வாய்ப்பே அதிகம். அதிலேயே கரையேற்றவில்லை.

வரைபடத்தைப் பார்த்து மனிதர்களைப் படிப்பது

கஞ்சாவை விட்டுவிட்டு ஓபியாய்டு என்ற வலி நிவாரணி வகைப் போதை மருந்துகள் பக்கம் வந்தால் வாதம் வேறு மாதிரி போகும். 2016இல் போதை மருந்து மரணங்கள் அதிகமான கவுன்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) டிரம்ப் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கவுன்டியில் டிரம்புக்குப் போட்டவர் வீட்டில்தான் மரணம் நடந்தது என்று அந்த எண் சொல்லவில்லை. வேலை போன ஊர், வயதானவர்கள் மிஞ்சிய ஊர், ஆஸ்பத்திரி மூடிய ஊர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. ஊரின் சராசரியை எடுத்து ஆளின் மனசில் ஒட்டக்கூடாது.

மேற்கு வர்ஜீனியாவையே பாருங்கள். போதை மரண விகிதத்தில் பல வருஷம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. டிரம்புக்கு 2016இலும் 2020இலும் 68 சதவீதத்துக்கு மேல். ஆனால் அது சிவப்பு மாநிலமானது, அதாவது குடியரசுக் கட்சிப் பக்கம் போனது ஓபியாய்டாலா? 1988இல் நாடே ஜார்ஜ் புஷ் பக்கம் சாய்ந்தபோதுகூட அது ஜனநாயகக் கட்சியின் டுகாக்கிஸுக்குப் போட்டது. 2000இல் திடீரென்று கைமாறியது. நிலக்கரி, துப்பாக்கி உரிமை, தொழிற்சங்கத்தின் தேய்வு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஃபென்டனில் என்ற கொடிய ஓபியாய்டின் பெயர் வீடுகளுக்குள் வருவதற்கு வெகு முன்பு. அந்த 2000 தேர்தலில் ஜூனியர் புஷ்ஷுக்கு 271 தேர்வாளர் வாக்குகள், ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு 266. மேற்கு வர்ஜீனியாவின் ஐந்து மட்டும் பழைய பக்கமே இருந்திருந்தால் ஃபுளோரிடா மறு எண்ணிக்கை பற்றி நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். ஆக கோட்டை விழவே விழாது என்று நான் சொல்ல வரவில்லை. விழும், அப்போது முடிவையே மாற்றும். அங்கே அதை விழவைத்தது சோறு போடும் தொழில்.

இதே ரகத்தில் 1972இன் கதையும் சேரும். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் மேல் "பொதுமன்னிப்பு, கருக்கலைப்பு, ஆசிட்" என்ற முத்திரை குத்தினார்கள். பொதுமன்னிப்பு என்றால் வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களுக்கு, ஆசிட் என்றால் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள். அவர் தன் சொந்த மாநிலத்திலேயே தோற்றார், அது வேறு எதுவுமில்லை, இதே தெற்கு டகோட்டாதான். போதை முத்திரைதான் கவிழ்த்தது என்று கதை கட்டச் சுகமாக இருக்கும். ஆனால் அவர் தோற்றது 49 மாநிலங்களில்.

தவறான இடத்தில் தேடுவது

போதைப்பொருள் கொள்கைக்கு அரசியல் பலமே இல்லையா என்றால், இருக்கிறது. அதிபருக்கு விழும் ஓட்டில் தேடுவதுதான் பிசகு. ஓரிகான் 2020இல் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது, 58 சதவீத ஆதரவோடு. தெருவிலேயே போதை ஏற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து மக்கள் சலித்துப்போக, 2024இல் சட்டமன்றமே அதை மறுபடி குற்றமாக்கியது. அவ்வளவு பெரிய திருப்பத்துக்கு அப்புறமும் அந்த நவம்பரில் ஓரிகான் ஹாரிஸுக்குத்தான் போட்டது.

கலிஃபோர்னியாவில் அதே 2024இல், திருட்டுக்கும் ஃபென்டனிலுக்கும் தண்டனையைக் கூட்டும் 36ஆவது முன்மொழிவு 68 சதவீதத்தோடு ஜெயித்தது. சொந்த மாநிலத்துக்காரரான ஹாரிஸ் தான் அதற்கு எப்படிப் போட்டேன் என்று சொல்லவே மறுத்துவிட்டார். மாநிலம் அவருக்கு 58 சதவீதம் கொடுத்தது. அடி வாங்கியவர் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோன், தேர்தலில் தோற்றுப் பதவியே போனது. யார் மேல் வழக்குப் போடுவது என்று முடிவு செய்கிறவர் மேல் கோபம் திரும்புவது இயல்புதான்.

தாக்கத்தின் திசையையும் பலர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் டிரம்ப் ஃபுளோரிடாவின் கஞ்சா திருத்தத்துக்கு "ஆம்" போடுவேன் என்றார். அவர் கட்சியின் ஆளுநர் டிசாண்டிஸ் அதை முழு மூச்சாக எதிர்த்துக்கொண்டிருந்தார். டிரம்ப் இப்படிச் சொன்னதால் ஃபுளோரிடா அவருக்குக் கிடைக்கவில்லை, அது ஏற்கெனவே அவர் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்த மாநிலம். கை நழுவாது என்று தெரிந்த இடத்தில் செலவில்லாமல் நிலைப்பாட்டை மாற்ற முடிந்தது. ஓட்டர்கள் கொள்கையைப் பார்த்து நகர்ந்ததைவிட, வேட்பாளர் ஓட்டர்களைப் பார்த்து நகர்ந்ததுதான் அங்கே நடந்தது.

தெற்கு டகோட்டாவில் அப்புறம் என்ன ஆனது? 2020இல் 54 சதவீதத்தில் ஜெயித்த பொதுக் கஞ்சா திருத்தத்தை, ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களை ஒரே திருத்தத்தில் திணித்தது என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. 2022இல் மறுபடி கேட்டார்கள், தோற்றது. 2024இல் மூன்றாவது முறை கேட்டார்கள். "ஆம்" சுமார் 44 சதவீதமாக இறங்கியிருந்தது, நாலு வருஷத்தில் பத்துப் புள்ளி. அதே தாளின் மேல் பகுதியில் டிரம்புக்கு 63. நாலு வருஷத்துக்கு முன் 62.