மூன்று நல்லவை, மூன்று காரணங்கள்: ஒரு வார இரவுக் குறிப்பேடு

மகிழ்ச்சியைக் கூட்ட முயல்வதற்கு முன், அதை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பட்டர்வொர்த்தில் ஃபெரியைத் தவறவிட்டவரிடம் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஃபெரியைப் பற்றித்தான் பதில் வரும். அதனால் ஓர் அளவுகோலை வைத்து அளப்பது நல்லது. உளவியலாளர் எட் டீனரும் சக ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை மனநிறைவு அளவுகோலில் ஐந்தே கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றோடும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால் 5க்கும் 35க்கும் இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும். 20 என்பது நடுப்புள்ளி. உங்களுக்குக் கிடைத்த எண்ணைத் தேதியுடன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்து, ஏழு இரவுகள், உறங்கப் போகுமுன், அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் நடந்தது என்றும் எழுதுங்கள். மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இதை ஒரு வாரம் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் வரை நீடித்தன; வாரம் முடிந்த பின்னும் தாமாகவே தொடர்ந்தவர்களே அதிகம் பயன் பெற்றனர்.

பலரும் தவறவிடுவது அந்த 'ஏன்' என்ற வரியைத்தான். 'பக்கத்து வீட்டு அக்கா சூடாகக் கறிப்பாப் கொடுத்தார்' என்று எழுதிவிட்டு, காரணமாக 'கடவுள் செயல்' என்று முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். அது இருக்கட்டும், அழிக்க வேண்டாம். ஆனால் அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'அவர் மகனுக்குப் போன வாரம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாலையில் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசும் பழக்கம் எங்களுக்குள் உண்டு.' இப்படி எழுதும்போதுதான், தற்செயலாகத் தோன்றிய நல்லதில் உங்கள் பங்கு எது, பிறர் பங்கு எது என்பது பிரிந்து தெரியும். சம்பள உயர்வு போன்ற பெரிய செய்திகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவை வாரத்துக்கு மூன்று கூட வருவதில்லை.

ஒரு வாரத்துக்குப் பின் எழுதுவது சலித்துப்போனால், ஞாயிறு இரவு மட்டும் எழுதுங்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சகாக்களும் நன்றியுணர்வைக் குறிக்கச் சொல்லிச் சோதித்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பயன் தெரிந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு எதிலும் மனம் ஒட்டவில்லையென்றால், குறிப்பேடு போதாது. கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து, முதல் பக்கத்தைப் பார்க்காமலே மறுபடியும் மதிப்பெண் இடுங்கள். ஓரிரு புள்ளி வேறுபாடு அன்றைய மனநிலையால் வந்ததாகவும் இருக்கலாம் என்பதால், எண்ணோடு நின்றுவிடாமல் 'ஏன்' வரிகளை மட்டும் தொடர்ந்து படித்து, அடிக்கடி வரும் பெயர்களை அடிக்கோடிடுங்கள். அடுத்த மாதம் யாரோடு கூடுதலாக நேரம் செலவிடலாம் என்பதை அந்தப் பட்டியலை வைத்தே முடிவு செய்யலாம்.