கலை பயிலும் பிள்ளைக்கு உதவித்தொகை: விண்ணப்பத்தை எப்படித் தயார் செய்வது?

முதலில் வயதைப் பாருங்கள். பரதம், வாய்ப்பாட்டு, தவில், ஓவியம் என எதைக் கற்றாலும், யாரிடம் கேட்பது என்பதை வயதுதான் தீர்மானிக்கிறது.

10 முதல் 14 வயதுக்குள் என்றால் டெல்லியிலுள்ள சி.சி.ஆர்.டி. (மத்திய அரசின் கலாசார வள, பயிற்சி மையம்) நடத்தும் கலைத்திறன் தேடல் உதவித்தொகை. ஆண்டுக்கு 3,600 ரூபாயும், பயிற்சிக் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரையும் தருகிறார்கள். தேர்வானால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, 20 வயது அல்லது முதல் பட்டப்படிப்பு வரை தொடரலாம். பரம்பரையாகக் கலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பப் பிள்ளைகளுக்கு இதில் தனி ஒதுக்கீடு உண்டு. நாதஸ்வர, தெருக்கூத்துக் குடும்பங்கள் இதை அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

18 முதல் 25 வரை, மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது 5 ஆண்டு பயின்றிருக்க வேண்டும்.

இடையில் 15, 16, 17 வயதில் புதிதாக வருபவருக்கு இரண்டிலும் இடமில்லை. வர்ணம் போன்ற பெரிய உருப்படிகள், கச்சேரிப் பயிற்சி என்று செலவு கூடுவதும், பத்தாம் வகுப்பைக் காட்டிப் பயிற்சியை நிறுத்துவதும் இந்த வயதில்தான். இங்கே கைகொடுக்கக்கூடியவை தனியார் அறக்கட்டளைகள். கல்வி உதவி தரும் அறக்கட்டளை உங்கள் ஊரில் இருந்தால், கலைப் பயிற்சியும் அவர்கள் நோக்கத்தில் அடங்குமா என்று விண்ணப்பிக்கும் முன் நேரில் கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரி அலுவலகத்தில் நன்கொடையாளர் பெயரிலான உதவித்தொகைகள் இருக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் உயிர் குருவின் கடிதம். "திறமையான மாணவி, நல்லொழுக்கம் உள்ளவர்" என்ற கடிதம் எதையும் சொல்வதில்லை. இப்படிக் கேட்டு வாங்குங்கள் (இது பரத மாணவிக்கான மாதிரி; அலாரிப்பு முதல் தில்லானா வரை பரத உருப்படிகள்): "2019 ஜூன் முதல் வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அலாரிப்பு, இரண்டு ஜதிஸ்வரம், ஒரு சப்தம் முடிந்தன. இப்போது தோடி வர்ணம் நடக்கிறது. அடுத்த ஓராண்டில் இரண்டு பதம், ஒரு தில்லானா." தேதி, கையெழுத்து, தொலைபேசி எண் இருக்கட்டும். வகுப்பு தொடங்கிய ஆண்டு விண்ணப்பத்தில் ஒன்றாகவும் கடிதத்தில் வேறாகவும் இருந்தால் மொத்தக் கோப்பின் மீதும் சந்தேகம் விழும்.

செலவுக் கணக்கைத் தோராயமாக "ஐம்பதாயிரம்" என்று எழுதாதீர்கள். உதாரணமாக: வகுப்புக் கட்டணம் மாதம் 1,500 வீதம் 12 மாதத்துக்கு 18,000. பேருந்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 ரூபாய், 48 வாரத்துக்கு 5,760. பயிற்சிப் புடவை இரண்டு 1,800. சலங்கை 1,500. மொத்தம் 27,060. இதில் குடும்பம் 9,060 போடுகிறது, கேட்பது 18,000. தங்கள் பங்கையும் காட்டும் குடும்பத்தின் மீது நம்பிக்கை பிறக்கும். அரங்கேற்ற மண்டபமும் விருந்தும் கல்விச் செலவில் சேராது. அவற்றைக் கலந்தால் நியாயமான தொகையும் சேர்ந்து அடிபடும்.

வீடியோவை ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு இல்லாமல், செல்போனைப் படுக்கைவாக்கில் வைத்து எடுங்கள். நடனத்தில் தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். பாதம் மறைந்தால் அடவை (நடனத்தின் அடிப்படை அசைவை) மதிப்பிட முடியாது. பாட்டில் சுருதி கேட்க வேண்டும், ஆனால் குரலை அமுக்கக் கூடாது. வீணை, மிருதங்கம் என்றால் இரண்டு கையும் தெரியட்டும். ஓவியத்தை நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் எதிரே நின்று எடுத்து, கீழே அளவு, ஊடகம் (நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் போன்றவை), ஆண்டு எழுதுங்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு எடுப்பது நல்லது.

வருமானச் சான்றிதழ் கேட்டால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பணம் நின்றுபோகும் பழைய காரணம் ஒன்று உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா சுப்பிரமணியன்", வங்கியில் "கவிதா எஸ்" என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய நேரும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகும்படி முன்கூட்டியே திருத்துங்கள். கணக்கு மாணவர் பெயரில், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டு இருக்கட்டும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவே இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக்கிவிடும். விண்ணப்பிக்கும் முன் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

தொகை கிடைத்ததும் ரசீது வேலை தொடங்குகிறது. குருவுக்குக் கையில் கொடுக்கும் பணத்துக்கு மாதாமாதம் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பலர், ஆனால் அடுத்த தவணைக்கு அதுதான் ஆதாரம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். இடையில் குருவை மாற்ற நேர்ந்தால், புதிய இடத்தில் சேரும் முன்பே உதவி தருபவருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள்.