முதல் குதிரை ஷோ: பிள்ளைக்கும் போனிக்கும் எல்லாம் வீட்டிலேயே பழகட்டும்

இங்கிலாந்தில் கோடை பிறந்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு புல்வெளியில் கயிறு கட்டி, வளையம் போட்டு, குதிரை ஷோ நடந்துகொண்டேதான் இருக்கும். அதில் சின்னப் பிள்ளைகளுக்கென்று 'லீட் ரெயின்' என்று ஒரு பிரிவு உண்டு. பிள்ளை போனியின் (சின்ன வகைக் குதிரை) மேல் உட்கார்ந்திருக்கும், பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். என் மகள் ஆறு வயதில் முதன்முதலாக வளையத்துக்குள் போனது இந்தப் பிரிவில்தான். நம் குடும்பங்களில் யாருக்கும் குதிரைப் பழக்கம் கிடையாது, பிள்ளை மட்டும் ஆசைப்பட்டு ரைடிங் வகுப்புக்குப் போகும், திடீரென்று ஒரு நாள் 'ஷோவுக்குப் போகலாமா அப்பா?' என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்து நிற்கிற வீட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஷோ நாளன்று பிள்ளையோ போனியோ முதல்முறையாகப் பார்க்கிற பொருள், கேட்கிற சத்தம், போட்டுக்கொள்கிற உடுப்பு என்று எதுவுமே இருக்கக் கூடாது. ஊர்தான் புதிது, மற்றதெல்லாம் பழையது என்றால் இருவரும் சமாளித்துவிடுவார்கள். அதற்குக் குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும்.

போனி விஷயத்தில் அழகைப் பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள். சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் போனியை 'லோன்', அதாவது இரவலாக, கொடுப்பது இங்கே சாதாரணமாக நடப்பதுதான், எங்கள் போனி பிஸ்கட் வந்தது அப்படித்தான். வெல்ஷ் செக்‌ஷன் ஏ என்ற வெல்ஷ் மலைப் போனி வகை, சாம்பல் நிறம், பதினேழு வயது. இந்த வகைப் போனிகள் 12 கைக்கு மேல் வளராது. ஒரு கை என்றால் 4 அங்குலம், ஆக ஏறக்குறைய 122 சென்டிமீட்டர். லீட் ரெயின் பிரிவுக்கும் பெரும்பாலும் அதுதான் உயர வரம்பு. ஷோ நடத்துகிறவர்கள் வெளியிடும் அட்டவணையில் உயரம், பிள்ளையின் வயது எல்லாம் போட்டிருக்கும், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். போனியின் பாஸ்போர்ட் (அதன் அடையாளப் புத்தகம்) பயணத்தில் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஃப்ளூ தடுப்பூசிக் கணக்கும் அதில்தான் இருக்கும், பல ஷோக்களில் கேட்பார்கள். ஊசி போட வேண்டியிருந்தால் ஷோவுக்கு முந்தைய ஒரு வாரத்தில் போடாதீர்கள், முன்கூட்டியே முடித்துவிடுங்கள். லாடம் அடிக்கிறவரையும் ஷோவுக்கு ஒரு வாரம் முன்பே வரச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைக்கு வாங்குவதில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் தலைக்கவசம். கோட்டு, ஜோத்பர் என்ற சவாரிக் கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் பழையதாகவே வாங்கலாம், ஒரே வருடத்தில் பத்தாமல் போய்விடும். கவசம் மட்டும் புதிதாக, கடையில் தலைக்கு வைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பிஏஎஸ் 015 அல்லது விஜி1 என்ற தர எண்ணும் கைட்மார்க் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பூட்ஸுக்குச் சின்னக் குதிகால் அவசியம், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கவடியும் பூட்ஸைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்கட்டும்.

பழக்குவதுதான் பெரிய வேலை. குதிரை, ஓடித் தப்பிக்கிற பிராணி. நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் தவிரச் சுற்றிலும் அதற்குக் கண் தெரியும். ஷோ மைதானத்தில் படபடக்கிற தோரணக்கொடி, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், ஐஸ்க்ரீம் வண்டியின் பாட்டு, குடை, தள்ளுவண்டியில் கைக்குழந்தை, குரைக்கிற நாய் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வீட்டில் காட்டிவிட வேண்டும். நாங்கள் பிறந்தநாள் தோரணத்தை வேலியில் கட்டினோம், போன் ஸ்பீக்கரில் கூட்டச் சத்தத்தை முதல் நாள் மெதுவாகவும் நாலைந்து நாள் கழித்துச் சத்தமாகவும் வைத்தோம்.

குடைக்குத்தான் பிஸ்கட் ரொம்ப பயந்தான். தூரத்தில் மூடியபடி வைத்திருந்த குடையைப் பார்த்ததுமே காது இரண்டும் முன்னால் விறைத்துக்கொண்டன, மூக்குத் துவாரம் விரிந்தது, முன்கால் ஊன்றி நின்றுவிட்டான். இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை, அவன் நின்ற இடத்திலேயே நாங்களும் நின்றோம். மகள் கழுத்தைத் தடவிக்கொண்டே 'ஒண்ணுமில்லடா, மழைக்குப் பிடிக்கிறதுதான்' என்று தமிழில்தான் சொன்னாள். இரண்டு நிமிடம் இருக்கும், ஒரு காது அவள் பக்கம் திரும்பியது, அப்புறம் நீளமாக மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தி வாயை மென்றான். அந்த மெல்லல்தான் அடையாளம், அது வந்தால் ஒரு அடி கிட்டே போகலாம், வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். குடையை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் நடப்பதற்குப் பத்து நாள் ஆனது. இதையெல்லாம் பெரியவர் கையில் கயிறு இருக்கும்போது செய்யுங்கள், பிள்ளை கீழே நிற்கட்டும். போனி சரியானதற்கு அப்புறம்தான் ஏற்ற வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றுவதையும் இப்படித்தான் பழக்க வேண்டும். ஏற்றி, கொஞ்சம் காய்ந்த புல் கொடுத்து, இறக்கி, அவ்வளவு. ஒரு நாள் சின்னதாக ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். பின்பக்கக் குறுக்குக் கம்பியைப் போட்ட பிறகுதான் தலைக் கயிற்றைக் கட்ட வேண்டும், இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் கம்பியை எடுக்க வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. தலை கட்டியிருக்கும்போது பின்னால் திறந்துவிட்டால் போனி மிரண்டு பின்னால் இழுக்கும், அப்படித்தான் அடிபடுகிறது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், பிள்ளையை டிரெய்லருக்குள் நிற்க விடாதீர்கள்.

இனி வளையத்துக்குள் என்ன நடக்கும் என்பது. எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றி நடப்பார்கள், அப்புறம் மெல்லோட்டம், நடுவர் நடுவில் நின்று பார்ப்பார். கூப்பிட்டதும் வரிசையில் நிற்க வேண்டும், பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து கொஞ்ச நேரம் நடந்து, ஓடி, நின்று காட்ட வேண்டும். வீட்டில் நாலு வாளியை மூலைக்கு ஒன்றாக வைத்து இதை ஒரு விளையாட்டாக நடத்துங்கள், பாட்டியை நடுவர் ஆக்குங்கள். எங்கள் வீட்டில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'உன் குதிரை பேர் என்ன, வயசு என்ன?' என்று கேட்பார். நடுவர்களும் உண்மையிலேயே இதைத்தான் கேட்பார்கள், அதனால் பிள்ளை கூச்சமில்லாமல் பதில் சொல்லும். முன்னால் போகிற போனிக்கும் நமக்கும் இடையில் ஒரு போனி நிற்கிற அளவாவது இடைவெளி வேண்டும். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கும், இன்னும் தள்ளிப் போங்கள். பச்சை என்றால் அனுபவமில்லாத குதிரை.

கயிறு பிடிக்கிறவருக்கும் பயிற்சி வேண்டும். போனியின் இடப்பக்கம், தோளுக்கு நேராக நடக்க வேண்டும், முன்னால் போய் இழுக்கக் கூடாது. கயிற்றை மூக்குவாரில் மாட்டுங்கள், வாயில் இருக்கிற இரும்பில் மாட்டாதீர்கள். கயிறு பிடிக்கிறவர் இழுக்கும் இழுப்பு அதன் வாயில் விழக் கூடாது. நீங்களும் பாங்காக உடுத்திக்கொள்ள வேண்டும், ஆனால் புல்லில் ஓடக்கூடிய காலணியாகப் போடுங்கள்.

முந்தைய நாள் குளிப்பாட்டல். வெயில் இருந்தால் காலையிலேயே செய்துவிடுங்கள், குளிராக இருந்தால் துலக்கித் துடைத்தால் போதும். வெல்ஷ் மலைப் போனி போன்ற உள்நாட்டு வகைகளுக்குப் பிடரியைப் பின்னக் கூடாது, அவிழ்ந்தபடியே அழகு. மற்ற ஷோ போனிகளுக்குத்தான் பின்னல். எங்கள் வீட்டில் பின்னல் எல்லாம் பிள்ளைக்குத்தான்! இரட்டைச் சடை, ரிப்பன், கிட்டத்தட்ட நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சடைதான். நடுவகிடு எடுத்து, எண்ணெய் தடவாமல், கவசத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்ன வேண்டும், உச்சியில் முடிச்சு இருந்தால் கவசம் சரியாக உட்காராது. சடையோடு கவசத்தை மாட்டி ஒரு வாரம் முன்பே ஒத்திகை பாருங்கள்.

காலையில் கடிவாளம் மாட்டும்போது நம் பழமொழி உங்களுக்கு நினைவு வரும். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். இரும்பைக் கையில் வைத்துச் சூடாக்கி, வாயோரத்தில் பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை விட்டால் தானாகத் திறக்கும். போகிற இடத்தில் பரிசாகக் கேரட் கொடுப்பதாக இருந்தால் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். குடிதண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், சில போனிகள் வேற்றூர்த் தண்ணீரைத் தொடாது. பிள்ளைக்கும் பழகின சாப்பாடுதான், எங்களுக்குத் தயிர்சாதம். ஷோ உடுப்பைக் கடைசி நேரத்தில் போட்டுவிடுங்கள். அதுவரை பழைய ட்ராக் பேண்ட் இருக்கட்டும். குளம்பு எண்ணெயும் கடைசியில்தான், இல்லாவிட்டால் அதில் புல்லும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

வயிற்று வாரைப் பற்றி நான் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் கிளம்பிப் போன முதல் ஷோவில் நாங்கள் வளையத்துக்குள் போகவே இல்லை. சேணம் வைத்ததும் வாரை இறுக்கினேன், சரியாக இருந்தது. சேணம் வைக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், கொஞ்சம் நடந்ததும் விட்டுவிடும், வார் இரண்டு துளை அளவுக்குத் தளர்ந்துவிடும். நான் மறுபடி பார்க்கவில்லை. மகள் இடப்பக்கமாகக் கால் வைத்து ஏறினாள், சேணம் அப்படியே சரிந்து வந்தது, அவள் புல்லில் பக்கவாட்டில் விழுந்தாள். அடி இல்லை, பிஸ்கட்டும் அசையாமல் நின்றான், ஆனால் அவள் அன்றைக்கு ஏற மாட்டேன் என்றாள். வற்புறுத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் எங்கள் கணக்கு மூன்று முறை: சேணம் வைத்ததும், ஐந்து நிமிடம் நடத்திய பிறகும், பிள்ளை ஏறி உட்கார்ந்த உடனும். மூன்றாவது முறை அவளே காலைத் தூக்கி, 'வார் பாத்தாச்சா?' என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. ஐந்து வாரம் கழித்து வேறொரு ஷோவுக்கு அவளாகவே கிளம்பினாள்.

பரிசைப் பற்றி முன்னாடியே பேசிவைத்துவிடுங்கள். இங்கே முதல் பரிசு சிவப்பு ரிப்பன், இரண்டாவது நீலம், மூன்றாவது மஞ்சள், நாலாவது பச்சை. எதுவும் கிடைக்காமல் போகலாம் என்பதை வண்டியில் போகும்போது இயல்பாகச் சொல்லி, அன்றைக்கு இரண்டே இரண்டு வேலைதான் என்று பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், போனியை நேராக நிற்க வைப்பதும் நடுவரைப் பார்த்துச் சிரிப்பதும். போனி களைத்தாலோ பிள்ளை வாடினாலோ அடுத்த பிரிவுக்குக் கட்டிய பணத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

வீடு வந்ததும் போனிக்குத்தான் முதல் கவனிப்பு. தண்ணீர், காய்ந்த புல், கால்களைத் தடவிச் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்ப்பது, குளம்பில் சிக்கின கல்லை எடுப்பது, பிறகு வயலில் விடுவது. மறுநாள் அதற்கு விடுமுறை. பிஸ்கட்டை விட்டதும் நேராகப் போய்ப் புழுதியில் முதுகு தேய்த்துப் புரண்டு எழுந்தான், பளிச்சென்று தேய்த்துக் குளிப்பாட்டியதெல்லாம் போச்சு. மகள் சடையைக்கூட அவிழ்க்காமல், பச்சை ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வேலியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.