கிண்ணத்தைக் கண்டு பயந்த லர்ச்சர் குட்டி: என் அனுபவம்

8 மாதம் முடிந்த வாரத்தில் எங்கள் லர்ச்சர் நாய்க்குட்டி (கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாயும் வேறு இனமும் கலந்த கலப்பு) திடீரென்று சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கம் போக மறுத்தது. பசி இல்லாமல் இல்லை. எச்சில் ஒழுக இரண்டடி தள்ளி நிற்கும், கழுத்தை மட்டும் நீட்டும், ஒரு வாய் எடுத்ததும் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கும்.

உணவை மாற்றினேன், பலனில்லை. பல் முளைக்கும் வலியோ என்றால், பால் பற்கள் எப்போதோ விழுந்து முடிந்திருந்தன. கால்நடை மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நடுவில் ஒருமுறை "சாப்பிடு" என்று குரலை உயர்த்தியது என் தப்பு. கிரேஹவுண்ட் ரத்தம், அதட்டல் தாங்காது; அன்று முழுக்க மூலையில் சுருண்டுவிட்டது.

ஆறாம் நாள் குளிப்பாட்டும்போது கழற்றிய கழுத்துப்பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். கிண்ணம் காலி! அப்போதுதான் உறைத்தது. பட்டையில் தொங்கும் பெயர்த் தகடு எவர்சில்வர் விளிம்பில் பட்டு 'டிங்' என்கிறது. இத்தனை நாள் அதே சத்தத்தோடுதான் சாப்பிட்டது என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் 6 முதல் 14 மாதத்துக்குள் பல குட்டிகளுக்கு இரண்டாவது பயப் பருவம் வரும்; பழகிய பொருளே பூதமாகத் தெரியும்.

தகட்டை எடுத்துவிட்டு, பெயரையும் எண்ணையும் பட்டையிலேயே தைத்தேன். அப்புறம் பக்கத்து அறையில் கரண்டியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டி, தட்டும்போதெல்லாம் ஒரு துண்டு கோழி. தினமும் கொஞ்சம் கிட்டே. பத்தாம் நாள் சத்தம் கேட்டதும் குட்டியே ஓடிவந்தது.