720720 என்ற எண்ணைக் கணிப்பான் இல்லாமல் ஆராய்வது எப்படி?

வன்னிப் பாடசாலைகளில் காரணிகளும் மடங்குகளும் படிக்கத் தொடங்கும் மாணவர்களையும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரையும் மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். தாளும் பென்சிலும் போதும்.

முதற்படி: வகுக்கத் தொடங்குமுன் இலக்கங்களை வாசியுங்கள். எண் 0 இல் முடிவதால் 2, 5, 10 ஆகியவற்றால் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. அதை மீண்டும் கூட்டினால் இலக்கச் சுட்டி 9 ஆகும். ஆகவே எண் 9 ஆலும் வகுபடும்.

இரண்டாம் படி: 720 இருமுறை வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு மூவிலக்க எண்ணை அடுத்தடுத்து இருமுறை எழுதினால் கிடைப்பது அந்த எண்ணின் 1001 மடங்கு. 1001 = 7 × 11 × 13 என்பதை மனனம் செய்துவைப்பது நல்லது; பெரிய எண்களில் அது பலமுறை கைகொடுக்கும். 720 = 2⁴ × 3² × 5 என்பதால்,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

இந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். இனி வரும் விடைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மூன்றாம் படி: காரணிகளை எண்ணுதல். இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரு காரணியை உருவாக்கும்போது 2 ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம். ஆக ஐந்து வழிகள். 3 க்கு மூன்று வழிகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் எடுப்பது, விடுவது என இரண்டிரண்டு வழிகள். 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. வவுனிக்குளத்தின் அயலில் 720720 பனம்விதைகளை ஒன்றும் மிஞ்சாமல் சம வரிசைகளாக நட நினைத்தால், வரிசைகளின் எண்ணிக்கையை 240 விதமாகத் தெரிவுசெய்யலாம். 1 முதல் 16 வரை எந்த எண்ணிக்கையும் பொருந்தும், 17 பொருந்தாது. உண்மையில் 1 முதல் 16 வரையான எண்களின் பொது மடங்குகளுட் சிறியது இதுவே.

நான்காம் படி: வகைப்படுத்தல். 720720 ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் இல்லை. இவ்வாறு தமக்கு முந்திய எண்கள் எல்லாவற்றையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்களைப் பற்றியே, ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் 1915 இல் இலண்டனில் நீண்ட ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். நம் மாணவர்கள் அவருடைய பெயரை இந்த எண்களோடு சேர்த்தே அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

காரணிகளின் கூட்டுத்தொகையையும் அதே வரியிலிருந்து பெறலாம். 2 க்கு 1 + 2 + 4 + 8 + 16 = 31, 3 க்கு 1 + 3 + 9 = 13, மற்றவற்றுக்கு 6, 8, 12, 14; இவற்றின் பெருக்கம் 3249792. இதிலிருந்து எண்ணையே கழித்தால் வரும் 2529072, எண்ணிலும் பெரியது. எனவே இது மிகையெண்.

நிறைவர்க்கமா? இல்லை, 5, 7, 11, 13 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றை எண்கள். 5005 ஆல் பெருக்கினால் 60060 இன் வர்க்கம் கிடைக்கும்.

பயிற்சிக்கு 360360 ஐ எடுத்து இதே படிகளைச் செய்யுங்கள். 192 காரணிகள் வர வேண்டும். 1 முதல் 16 வரையான எண்களுள் எது அதை மீதியின்றி வகுக்காது என்பதையும் கண்டுபிடியுங்கள்.