லண்டன் வழியே ஊருக்குப் போகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய அனுமதி

கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு லண்டன் போக விசா தேவையில்லை. இதை நான் 20 வருடங்களாக, கேட்டவர்கள் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அது இன்றைக்கும் சரிதான். ஆனால் விசா தேவையில்லை என்பதற்காக மட்டும் விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள் என்பதை, இந்த வருடம் பங்குனி மாதம், அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு மூன்று நாட்கள் இருக்கையில், ரொறன்ரோ விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்த பிறகுதான் அறிந்தேன்.

பிரித்தானியா, விசா இன்றி வருவோரிடமும் ஈ.ரி.ஏ (ETA) எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைக் கேட்கிறது. கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடிமக்களுக்கு இது 2025 ஜனவரி 8 முதலும், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதலும் வந்தது. முதல் வருடம் கெடுபிடி குறைவாக இருந்தது. அப்போது அனுமதி எடுக்காமலே போய்வந்த நண்பர் ஒருவர், 'அதெல்லாம் ஒருத்தரும் கேக்கிறேல்லை' என்று எனக்குச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. 2026 பெப்ரவரி 25 முதல், அனுமதி இல்லாதவரை ஏற்றக் கூடாது என்ற விதியை இறுக்கமாக நடைமுறைப்படுத்தப் போவதாக அந்த அரசு அறிவித்திருந்ததை அவரும் அறியவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை. பயண விதிகளை, போன வருடம் போய்வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள்.

என் பயணத்தை இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்திருந்தேன். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு ஒன்று. அங்கே பகலில் அக்கா வீட்டில் தங்கி, இரவு அவருடன் சேர்ந்து கொழும்புக்குப் போக இன்னொன்று. அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதே உண்மை. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அதை அண்ணா செய்ய, நான் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தக்கரையில் நிற்பேன் என்று அன்றிரவே அண்ணாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

பயணப் பதிவு மேசையில் இருந்த பெண் கடவுச்சீட்டை இரண்டு முறை இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அனுமதி பதிவாகவில்லை என்றார். அதே இடத்தில் நின்று, பிரித்தானிய அரசின் தொலைபேசிச் செயலியில் விண்ணப்பித்தேன். செயலி முதலில் கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படமெடுக்கச் சொன்னது. பிறகு தொலைபேசியைக் கடவுச்சீட்டின் மேல் வைத்து, உள்ளிருக்கும் மின்னணுச் சில்லைப் படிக்கவிடச் சொன்னது. நான்கு முறை வைத்தும் படிக்கவில்லை. தொலைபேசியின் தடித்த உறையைக் கழற்றிய பிறகே படித்தது. முகத்தைப் படமெடுத்தபோது பின்னால் கண்ணாடிச் சுவரின் வெளிச்சம் விழுந்து படம் கறுத்தது. கழிப்பறைக்குப் போகும் வழியில் வெறும் சுவர் ஒன்றைத் தேடிப் போய், பெட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு நின்று எடுத்தேன். முகவரி, தொழில், குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்ற கேள்விகள் முடிந்து, அப்போதைய கட்டணமான 16 ஸ்ரேர்லிங் பவுண் கட்டி, விண்ணப்பம் போனபோது மேசை மூட 20 நிமிடங்கள் இருந்தன.

பலருக்குச் சில நிமிடங்களிலேயே முடிவு வருகிறது. ஆனாலும் மூன்று வேலை நாட்கள் ஒதுக்குங்கள் என்றுதான் அரசின் அறிவுறுத்தல் சொல்கிறது. எனக்கு மறுநாள் பிற்பகலே வந்தது. அந்த இரவு நான் செய்த பெரிய பிழை, மேசை மூடிய பிறகும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்ததாகும். வளைகுடா நாடொன்றின் வழியாகப் போகும் விமானத்தில் அப்போது இடம் இருந்தது. லண்டனை விட்டுவிட்டு அன்றிரவே அதில் ஏறியிருந்தால், வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஊரில் நின்றிருப்பேன். எடுத்த சீட்டுகளின் பணம் வீணாகிறதே என்றும், அனுமதி இப்போது வந்துவிடும் என்றும் காத்திருந்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பாதையை அந்த இடத்திலேயே மாற்றுங்கள். நான் மறுநாள் இரவு அதே வளைகுடாப் பாதையில்தான், ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்து ஏறினேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை பின்னேரமாகிவிட்டது. கீரிமலையில் காலையிலேயே எல்லாம் முடிந்திருந்தது. முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக் கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பிட்ட வாழையிலைகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. லண்டனிலிருந்து தனியே வந்திருந்த அக்கா, 'தம்பி, முதல்ல சாப்பிடு' என்று மட்டும் சொன்னார். அண்ணாவின் நெற்றியில் விபூதி இன்னும் அழியாமல் இருந்தது.

எனவே லண்டன் வழியாகப் போகிறவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒன்றைப் பாருங்கள். ஒரே பதிவில், பெட்டியும் கொழும்புவரை நேராகப் போக, ஹீத்ரோவிலோ மன்செஸ்டரிலோ குடிவரவைக் கடக்காமல் விமானம் மாறுவதானால் இந்த அனுமதி தேவையில்லை. சீட்டுகள் தனித்தனியாக இருந்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், நீங்கள் நாட்டுக்குள் நுழைகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கென்றாலும் அனுமதி வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். பிரித்தானியக் குடியுரிமையும் உள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டையோ, அந்த நாட்டில் வாழும் உரிமைக்கான சான்றிதழையோ காட்ட வேண்டும். அரசின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ மட்டும் விண்ணப்பியுங்கள். தேடும்போது அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களும் முன்னால் வந்து நிற்கும்.

இலங்கைக்கான ஈ.ரி.ஏ வேறு; ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். 2012 முதல் இருந்த அந்த முறை 2024 ஏப்ரலில் தனியார் கூட்டமைப்பொன்றிடம் போய், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்று, பிறகு பழைய முறைக்கே திரும்பியது. அந்த மாதங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய இணைப்புகளை நம்பாமல், அரசின் முகவரியை நீங்களே தட்டெழுதிப் போங்கள். இதில் நம்மவர்கள் அதிகம் தவறுவது பெயரில். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று நமக்குத் தெரிந்தபடி எழுதக் கூடாது. கடவுச்சீட்டுப் படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் தொடக்கத்தில் உள்ள P எழுத்துக்கும் மூன்றெழுத்து நாட்டுக் குறியீட்டுக்கும் அடுத்து வருவதே குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பின் வருவதே மற்றப் பெயர். அப்படியே எழுதுங்கள். கடவுச்சீட்டு இலக்கத்தில் பூச்சியத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றிவிடாமல், இன்னொருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

திரும்பி வருவதற்கும் இதே கவனம் தேவை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கனடாவுக்கான விமானத்தில் ஏற முடியாது. 2016 நவம்பர் முதல் கனடாக் கடவுச்சீட்டைக் கேட்கிறார்கள்.

பிரித்தானிய அனுமதி இரண்டு வருடங்களுக்குச் செல்லும். ஆனால் அது கடவுச்சீட்டோடு கட்டப்பட்டது. கடவுச்சீட்டு முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். என்னுடைய கடவுச்சீட்டு இந்த மார்கழியில் முடிகிறது. அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்கு அக்காவும் நானும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். ஆகவே புதுப்பிக்கும் படிவத்தை இப்போதே நிரப்பி வைத்திருக்கிறேன். புதியது கைக்கு வந்த அன்றே அனுமதிக்கு மறுபடி விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே பயணச்சீட்டு எடுப்பேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.